எந்த க்ரீம் வாங்கலாம்? விப்பிங் க்ரீமை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

"விப்பிங் க்ரீம் இருக்கா?" என்று பேக்கரி சாமான் கடையில் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் "எதுக்கு, கேக்குக்கா?" என்று திருப்பிக் கேட்பார். புதிதாக கேக் செய்யத் தொடங்கியவர்களுக்கு அந்தக் கேள்வி ஏன் என்று புரிவதில்லை. எல்லாம் க்ரீம்தானே, விலை குறைந்ததை எடுத்தால் போதாதா என்று தோன்றும். அடித்தால் பொங்கும், வெள்ளையாக இருக்கும் என்பதைத் தவிர இவற்றுக்குள் பொதுவாக அதிகம் எதுவும் இல்லை. ஒன்று பாலில் இருந்து எடுத்தது. இன்னொன்று எண்ணெய்ப் பனையின் பருப்பில் எடுத்த எண்ணெயில் செய்தது. ஒன்று மாம்பழத் துண்டின் மேல் போட்டதும் சாப்பிட்டால் அமிர்தம், ஆனால் வெயிலில் நிற்காது. இன்னொன்று சித்திரை மாத மதியத்திலும் பூப்பூவாக நிற்கும், ஆனால் நாக்கில் ஒட்டும்.

எந்த பிராண்ட் நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். அதைவிட, கிடைக்கிற இரண்டு மூன்றை வாங்கி, ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மதியம் ஒதுக்கினால் போதும். எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதன் மேல் போடப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பிறந்தநாள் கேக் என்றால் காலையில் பூசி, மாலையில் வெட்டி, நடுவில் ஆட்டோவிலோ பைக்கிலோ ஒரு பயணமும் இருக்கும். ஃப்ரூட் சாலட், ஃபலூடா, கோல்ட் காபி என்றால் போட்ட அடுத்த நிமிடம் வாய்க்குப் போய்விடும். இந்த இரண்டுக்கும் ஒரே க்ரீமைத் தேடினால் எதற்கும் சரிப்பட்டு வராது.

கீழே இருக்கும் பண்டம் எவ்வளவு இனிப்பு என்பதையும் யோசியுங்கள். ஏற்கெனவே சர்க்கரைப் பாகில் ஊறிய ஸ்பாஞ்சின் மேல் இனிப்பான க்ரீமையும் பூசினால் இரண்டாவது வாய்க்கு மேல் இறங்காது. சாப்பிடுகிறவர்களில் யாருக்காவது பால் ஒத்துக்கொள்ளாதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கடையில் என்னென்ன இருக்கும்

முதல் வகை பால் க்ரீம். சூப்பர் மார்க்கெட்டில் டெட்ரா பேக்கில் இருக்கும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அமுல் ஃப்ரெஷ் க்ரீம் என்று இருப்பதில் கொழுப்பு 25 சதவீதம். அது குழம்பு, குருமா, ஃப்ரூட் சாலட் ஆகியவற்றில் கலக்க அருமையானது. எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம் கெட்டியாகுமே தவிர, கேக் மேல் பூப் போடும் அளவுக்கு நிற்காது. அதே நிறுவனத்தின் விப்பிங் க்ரீம் தனி பாக்கெட், அதில் 30 சதவீதம். அந்த 5 சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அடிக்கும்போது கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு, காற்றுக் குமிழிகளைச் சுற்றி வேலி போல நிற்க வேண்டும். துளிகள் போதவில்லை என்றால் வேலியில் ஓட்டை விழும், காற்று வெளியேறிவிடும். சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை அடிக்க வாங்காதீர்கள்.

இரண்டாவது வகை நான்-டெய்ரி விப் டாப்பிங், அதாவது பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்தது. நம் ஊர்ப் பேக்கரிகளில் இருக்கும் க்ரீம் கேக்குகளில் பெரும்பாலானவை இதில் செய்தவைதான். ரிச்ஸ், ட்ரோபோலைட் போன்ற பெயர்களில் பேக்கரி சாமான் கடையின் ஃப்ரீசரில் கல்லுப் போல உறைந்து கிடக்கும். 1945-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் சோயாவில் இருந்து இப்படி ஒரு டாப்பிங்கை உருவாக்கினார். விற்பனைக் கூட்டம் ஒன்றுக்கு உலர்பனியில் வைத்து எடுத்துப் போனபோது அது வழியிலேயே உறைந்து கட்டியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அதை அடித்துப் பார்த்தால் நன்றாகவே பொங்கி வந்ததாம். பால் க்ரீமை உறைய வைத்து எடுத்தால் கொழுப்பு பிரிந்து திப்பி திப்பியாகிவிடும். இது தாங்கியது. மாதக்கணக்கில் ஃப்ரீசரில் வைத்து விற்க முடிகிற பண்டமாக இது மாறியது அப்படித்தான்.

மூன்றாவது விப்பிங் பவுடர். குளிர்ந்த பாலில் கலந்து அடிக்க வேண்டும். ருசியில் கொஞ்சம் மாவு வாடை இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் ஃப்ரீசர் வசதி உள்ள கடை பக்கத்தில் இல்லாத ஊர்களில், மளிகை அலமாரியிலேயே வைத்திருக்கக்கூடிய க்ரீம் இது. பாக்கெட்டைப் பிரித்தால் ஈரம் படாமல் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

நான்காவது ஸ்ப்ரே டின். 1948-இல் அமெரிக்காவில் ஆரன் லாபின் என்பவர் ரெடி-விப் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கினார். உள்ளே நைட்ரஸ் ஆக்சைடு வாயு அழுத்தத்தில் க்ரீமோடு கரைந்திருக்கும். மூக்கை அழுத்தியதும் வாயு விரிந்து க்ரீமை நுரையாக்கித் தள்ளும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் வெறும் வாயு நுரை என்பதால் சீக்கிரமே அமுங்கிவிடும். கோல்ட் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேக்கின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் என்றால் கூல் விப் என்ற டப்பாவும் கண்ணில் படும். 1966-இல் வந்தது. ஏற்கெனவே அடித்து உறைய வைத்த டாப்பிங் அது, சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறக்கி வைத்துக் கரண்டியால் எடுத்துப் போடலாம். இதையும் கீழே சொல்லும் முறையிலேயே சோதிக்கலாம், அடிக்கும் வேலை மட்டும் இருக்காது.

பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ராபெரி படத்தால் ஒரு பயனும் இல்லை. பின்பக்கத்துக்குப் போங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அதுதான் முதலில் வரும். பால் க்ரீமில் முதல் வார்த்தையே க்ரீம் அல்லது பால் கொழுப்பு சார்ந்ததாக இருக்கும், அதன்பின் ஓரிரண்டு பொருள்கள், அவ்வளவுதான். நான்-டெய்ரியில் தண்ணீர், பாம் கெர்னல் (எண்ணெய்ப் பனைப் பருப்பு) எண்ணெய், சர்க்கரை என்று தொடங்கும். தண்ணீருக்கு அடுத்து சர்க்கரை வந்து எண்ணெய் அதற்குப் பின்னால் போயிருந்தால், அந்த க்ரீம் திகட்டும் என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகு எண்களாக வரும், ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேசக் குறியீட்டு எண். ஐஎன்எஸ் 471, 472இ, 435 என்பவை எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பவை. 407, 415, 464, 466 என்பவை கெட்டித்தன்மை கொடுத்து, அடித்தபின் நீர் விடாமல் பார்த்துக்கொள்பவை. எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். இந்தப் பொருள்கள் இல்லாமல் எண்ணெயும் தண்ணீரும் பொங்கி நிற்காது. பால் க்ரீம் பாக்கெட்டிலும் 407 இருப்பதைப் பார்க்கலாம்.

நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கும் வரி சோடியம் கேசினேட். இது பாலில் உள்ள புரதம். நான்-டெய்ரி என்று பெரிதாக அச்சடித்த பல பாக்கெட்டுகளில் இது இருக்கிறது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு கேக் செய்கிறவர்கள் முன்பக்க எழுத்தை நம்பவே கூடாது. அலர்ஜி எச்சரிக்கை தனி வரியாக அச்சாகியிருக்கும், அதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்கிறது, பால் இல்லை என்று சொல்லவில்லை.

கொழுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய் (ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கியது) என்றதும், இதயத்துக்குக் கெடுதலான ட்ரான்ஸ் ஃபேட் நினைவுக்கு வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை ட்ரான்ஸ் ஃபேட்டை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. எனவே பிராண்டட் பாக்கெட்டுகளில் அந்தக் கவலை முன்னைவிடக் குறைவு. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலுமே நிறைய. பாம் கெர்னல் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான், பால் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற அட்டவணையில் இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பெயரில்லாத பாக்கெட், தேதி அழிந்த பாக்கெட் எதையும் எடுக்காதீர்கள்.

வீடு வந்து சேரும்வரை

நான்-டெய்ரி பாக்கெட்டை ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் அழுத்திப் பாருங்கள். கல்லுப் போல இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கொழகொழ என்றிருந்தாலோ, பாக்கெட் உப்பியிருந்தாலோ, கரண்ட் போய் வந்து உருகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கலாம். அது அடித்தால் மணல் மணலாக வரும். பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு தெர்மாகோல் பெட்டி எடுத்துப் போங்கள், அல்லது செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். பால் க்ரீம் டெட்ரா பேக்கைக் கடையில் வெளியே வைத்திருந்தால், அப்படி வைக்கலாமா என்று பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் ஓர் இரவாவது இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்.

சோதனைக்கு முந்தைய இரவே உறைந்த பாக்கெட்டை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். ஒரு கிலோ பாக்கெட் இளக 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகிவிடும், உள்ளே கட்டி நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி அடியுங்கள்

ஒப்பிடுவதாக இருந்தால் க்ரீம் மட்டும்தான் மாற வேண்டும், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 200 மில்லி, ஒரே பாத்திரம், ஒரே பீட்டர், ஒரே வேகம். எவர்சில்வர் பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் இருபது நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். பெரிய தாம்பாளத்தில் ஐஸ் கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, அதன் மேல் பாத்திரத்தை வைத்து அடியுங்கள். நம் சமையலறைச் சூட்டில் இது இல்லாமல் பால் க்ரீமைத் தொடவே கூடாது. கொழுப்பு குளிர்ந்து திடமாக இருந்தால்தான் குமிழியைப் பிடிக்கும். சுமார் 10 டிகிரிக்கு மேல் போனால் பிடி தளர்ந்துவிடும்.

முதல் நிமிடம் மெதுவாக, அப்புறம் நடு வேகம். உச்ச வேகத்தில் வைத்தால் சீக்கிரம் பொங்கியது போலத் தெரியும், ஆனால் குமிழிகள் பெரிது பெரிதாக இருக்கும், பூசும்போது மேற்பரப்பில் ஓட்டை விழும்.

பாத்திரத்தில் பீட்டரின் தடம் அழியாமல் நிற்கத் தொடங்கியதும் கண்ணை எடுக்காதீர்கள். பீட்டரைத் தூக்கினால் க்ரீமின் முனை வளைந்து தலைசாய்க்கும் பதம் ஒன்று. அது ஃப்ரூட் சாலட்டுக்கும், மூஸ் கலக்கவும் சரி. இன்னும் சில விநாடிகள் போனால் முனை நிமிர்ந்து நிற்கும், அது பூப் போடும் பதம். பால் க்ரீமில் இந்த இரண்டாவது பதத்துக்கும் கெட்டுப்போவதற்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. பளபளப்பு போய் ரவை ரவையாகத் தெரிந்தால் வெண்ணெய் திரளத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் நிறுத்தி, அடிக்காத குளிர்ந்த க்ரீமை இரண்டு ஸ்பூன் விட்டுக் கையாலேயே மெல்லக் கலந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தண்ணீர் பிரிந்துவிட்டால் மீட்க முடியாது, முழுக்க அடித்து வெண்ணெயாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்-டெய்ரி இந்த விஷயத்தில் மன்னிக்கும் குணம் உள்ளது. கொஞ்சம் கூடப் போனாலும் உடையாது. ஆனால் அதிகம் அடித்தால் காய்ந்து, பூவின் விளிம்பு கிழிந்து வரும்.

சர்க்கரை விஷயத்தில் கவனம். நான்-டெய்ரி பெரும்பாலும் இனிப்போடுதான் வரும், எதுவும் சேர்க்க வேண்டாம். பால் க்ரீமில் பொடித்த சர்க்கரை, 200 மில்லிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் போல, தடம் விழத் தொடங்கும் நேரத்தில் சேருங்கள். வெனிலா எசன்ஸ் இப்போது எதிலும் வேண்டாம், அது குறையை மறைத்துவிடும்.

ஒரு கிண்ணத்தை எடை போடுங்கள்

விலையை ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் அடிக்காத க்ரீமை விளிம்புவரை ஊற்றி, கிண்ணத்தின் எடையைக் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். அடித்தபின் அதே கிண்ணத்தை இடைவெளி இல்லாமல் நிரப்பி, விளிம்போடு வழித்து, மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் இருந்தது 100 ஆகியிருந்தால் க்ரீம் இரண்டு மடங்கு பொங்கியிருக்கிறது. 57 கிராம்தான் என்றால் மூன்றரை மடங்கு. பால் க்ரீம் இரண்டு மடங்கை ஒட்டித்தான் வரும், நல்ல நான்-டெய்ரி மூன்று முதல் நான்கு மடங்குவரை போகும். லிட்டர் விலையை இந்த மடங்கால் வகுத்துப் பார்த்தால், கேக்கின் மேல் உட்காரும் க்ரீமுக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை தெரியும். வீட்டில் இருந்தே ஆர்டர் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நிற்க வைத்துப் பாருங்கள்

ஒரு எவர்சில்வர் தட்டில் ஒவ்வொரு க்ரீமிலும் ஒரு பூ, ஒரு கரண்டிக் குவியல் என்று வைத்து, அடியில் ஒட்டுக் காகிதத்தில் எண் எழுதுங்கள், பெயர் வேண்டாம். ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில், உங்கள் வீட்டின் சாதாரணச் சூட்டிலேயே வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். கவனிக்க வேண்டியது உயரத்தை மட்டும் இல்லை. குனிந்து பூவின் அடியைப் பாருங்கள். தட்டோடு சேரும் இடத்தில் மெல்லிய நீர் வளையம் தெரிகிறதா? பூவின் மடிப்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா? அந்த நீர் வளையம்தான் கேக்கில் ஸ்பாஞ்சுக்கும் க்ரீமுக்கும் நடுவே இறங்கி, பூச்சை வழுக்க வைக்கும்.

வெயில் காலத்தில் பால் க்ரீம் முதல் அரை மணியிலேயே தளரத் தொடங்கும். பால் கொழுப்பின் பெரும்பகுதி நம் அறைச் சூட்டிலேயே இளகிவிடுவதுதான் காரணம். ஹைட்ரஜனேற்றம் செய்த பாம் கெர்னல் கொழுப்பு 30 டிகிரி தாண்டியும் பெரும்பாலும் திடமாகவே இருக்கும், அதனால் பூவும் நிற்கும். பவுடர் க்ரீம் பிராண்டுக்குத் தகுந்தபடி மாறும், ஸ்ப்ரே க்ரீம் உங்கள் கண்முன்னாலேயே உட்கார்ந்துவிடும்.

கூடவே ஒரு பூவின் மேல் சின்ன மாம்பழத் துண்டோ அன்னாசியோ வைத்துப் பாருங்கள். பழத்தின் சாறு இறங்கும் இடத்தில் க்ரீம் திரிகிறதா, கரைகிறதா என்பது பழ கேக் செய்கிறவர்களுக்கு முக்கியம்.

கடைசியாக நாக்கு

வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். எது எந்த க்ரீம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டிச் சாப்பிடச் சொல்லுங்கள். நடுவே குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மிடறு போதும். குளிர்ந்த தண்ணீர் கொழுப்பை வாயிலேயே உறைய வைத்துவிடும்.

மூன்று கேள்விகள் கேளுங்கள். வாயில் கரைந்து போய்விட்டதா, மேலண்ணத்தில் மெழுகு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இனிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது? விழுங்கியபின் பால் வாசம் வருகிறதா, எண்ணெய் வாசமா, ஒன்றுமே இல்லையா? வெயிலில் க்ரீமைக் காப்பாற்றிய அதே கடினமான கொழுப்புதான் வாயிலும் முழுக்க உருகாமல் படிகிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது.

வெறும் க்ரீமை ருசித்தபின், அதையே கேக் துண்டின் மேல் வைத்தும் கொடுங்கள். தனியாகத் திகட்டியது கசப்பு சாக்லேட் ஸ்பாஞ்சோடு சேர்ந்தால் பொருத்தமாக இருக்கும். தனியாகச் சப்பென்று இருந்த பால் க்ரீம் பழுத்த மாம்பழத்தோடு சேரும்போது அதற்கு ஈடு எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எதற்கு எதை வைத்துக்கொள்வது

பிறந்தநாள் கேக், பயணம் போகும் கேக், பூ வேலை உள்ள கேக் என்றால் நான்-டெய்ரி. ஒரு கிலோ கேக்குக்கு 300 மில்லி போல அடித்தால் உள்ளே, வெளியே, மேலே பூவரை வரும். நிறம் சேர்க்க ஜெல் கலர் வாங்குங்கள், தண்ணீர் கலர் க்ரீமைத் தளர்த்திவிடும். வீட்டிலேயே செய்து வீட்டிலேயே வெட்டும் கேக், புட்டிங், பழம் என்றால் பால் க்ரீம்.

இரண்டையும் கலக்கும் வழியும் உண்டு, வீட்டு பேக்கர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு பங்கு நான்-டெய்ரியை வளையும் பதம்வரை அடித்து, ஒரு பங்கு நன்றாகக் குளிர்ந்த பால் விப்பிங் க்ரீமை ஊற்றித் தொடர்ந்து அடியுங்கள். இனிப்பு குறையும், பால் வாசம் வரும், நிற்கும் தன்மையும் பெரிதாகக் குறையாது. ஏசி இல்லாத வீட்டில் கோடையில் கேக் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு, கேசினேட் இல்லாத வீகன் முத்திரை உள்ள டாப்பிங்கைத் தேடுங்கள். இல்லையென்றால் தேங்காய் க்ரீம் டின்னை இரவு முழுக்கக் குளிர வைத்து, மேலே திரண்டதை மட்டும் எடுத்து அடிக்கலாம். மென்மையாகத்தான் நிற்கும், தேங்காய் வாசமும் இருக்கும்.

சோதனை முடிந்து மிஞ்சியதை வீணாக்க வேண்டாம். அடித்த நான்-டெய்ரியை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். தளர்ந்தால் மறுபடி லேசாக அடித்துக்கொள்ளுங்கள். அடிக்காமல் இளகிய மீதியைத் திரும்ப உறைய வைக்காமல், பாக்கெட்டில் சொன்ன நாள்களுக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தே தீர்த்துவிடுங்கள். அடித்த பால் க்ரீமை அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். பூண்டு, வெங்காயம் இருக்கும் தட்டில் திறந்து வைத்தால் அந்த வாசத்தை ஒரே இரவில் இழுத்துக்கொள்ளும், எனவே இறுக மூடி மேல் தட்டில் வையுங்கள்.